கெடாவில் கைப்பிடிக்குச் சூடு

1

சென்ற மாதம் என் நாத்தனார் நாகர்கோவிலிலிருந்து விசிட் பாஸில் வந்திருந்தாள். அவள் வந்த மூன்றாம் நாள் நல்ல மழை. நான் தோட்டத்து மேல் டிவிஷனுக்குப் போய்விட்டு வந்து, மோட்டரை வீட்டு முன்னால் கூரைக்கடியில் நிறுத்தினேன். மோட்டர் என்றால் இங்கே மோட்டார் சைக்கிள். ஈரமாக நிற்கிறதே என்று ஒரு துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனவள், கைப்பிடியைத் தொட்டதும் கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். ஷாக் அடிக்கிறது என்றாள். ஷாக் இல்லை, சூடு என்றேன். உள்ளே கம்பி சுற்றிக் கரண்ட் கொடுத்திருக்கிறது என்றும் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

"மதினி, நான் வந்த நாள்லேருந்து வேர்வையிலதான் குளிக்கேன். இந்த ஊர்ல கைப்பிடிக்குச் சூடு வேற வேணுமா? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

அவள் போன வாரம் விமானம் ஏறிவிட்டாள். இதற்குள் சபையில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருக்கும். அண்ணன் இறந்ததிலிருந்து மதினிக்குப் புத்தி சரியில்லை என்று யாராவது ஜெபக் குறிப்பில் சேர்த்திருப்பார்கள். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். ஒரு வெப்ப நாட்டில், ஒரு பெண்பிள்ளை, காட்டு மோட்டரின் கைப்பிடிக்கு ஏன் சூடு வைத்தாள், எப்படி வைத்தாள் என்பதுதான் இந்தக் குறிப்பு. எனக்கு அலங்காரமாக எழுத வராது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

2

நான் கெடா மாநிலத்தில், சிடாம் கிரி பக்கத்தில், ஒரு ரப்பர்த் தோட்டத்து மருத்துவச்சி. இங்கே என்னை எல்லோரும் மிசி என்பார்கள். நர்ஸ் வேலை பார்க்கிற எவளும் மிசிதான். என் கணவர் இதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்தார். டிரெசர் என்றால் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர் மட்டுமல்ல, டாக்டர் இல்லாத நாட்களில் அவர்தான் டாக்டர். டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார்.

மேல் டிவிஷன், அதாவது தோட்டத்தின் மேல் பகுதி, மலைச் சரிவில் இருக்கிறது. செம்மண் பாதை. மழை பெய்தால் நடுவில் ஆள் முழங்கால் ஆழத்துக்கு அரித்துவிடும். சாதாரண மோட்டர் அதில் ஏறாது. அதற்காகத் தோட்டத்தில் என் கணவருக்கு உயரமான ஒரு ஸ்கிராம்ப்ளர் கொடுத்திருந்தார்கள். காட்டில் ஓட்டுகிற வகை. டயரில் பல் பல்லாக இருக்கும். அவர் இறந்தபின் புது டிரெசரை எடுத்தார்கள். ஆனால் அந்தப் புதியவருக்கு மோட்டர் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றார். மேல் டிவிஷனுக்கு யார் போவது? நான் போகிறேன் என்றேன். வெள்ளைக் கவுனுக்குள் கணவருடைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கற்றுக்கொண்டேன். என் தைரியத்தை மெச்சி யாரும் மோட்டரைக் கொடுக்கவில்லை. இன்னொரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாம் என்பதால் கொடுத்தார்கள்.

இரண்டு வருஷம் ஓட்டினேன். எழுபதுகளின் கடைசி அது. அப்புறம்தான் விரல்கள் செத்துப்போக ஆரம்பித்தன.

செத்துப்போவது என்று சும்மா சொல்லவில்லை. விடிகாலை, மழை, மலையிலிருந்து இறங்குகிற காற்று. எஞ்சின் நடுக்கம் கைப்பிடி வழியாக எலும்புக்குள் ஏறும். மேல் டிவிஷன் போய்ச் சேரும்போது கட்டைவிரல் தவிர எட்டு விரல்களும் மெழுகுவர்த்தி மாதிரி வெள்ளையாக இருக்கும். ஊசியால் குத்தினாலும் தெரியாது. அரை மணி நேரம் கழித்து நீலமாகி, பிறகு சிவந்து, பிறகு எரியும். அந்த எரிச்சல் வந்தால்தான் விரல் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம்.

இது புதிதுமல்ல. ஊரில் மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்ந்த மார்கழியில், விடியுமுன் கிணற்றுத் தண்ணீரில் துணி அலசும்போதே இரண்டு விரல் வெளுக்கும். எங்கள் சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "பயந்தாங்கொள்ளிக்கு ரத்தம் விரலுக்குப் போகாது" என்றார். நானும் நம்பினேன். பயத்தை விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பயம் எப்போதோ போய்விட்டது. விரல் மட்டும் வெளுத்துக்கொண்டே இருந்தது.

மருத்துவச்சிக்கு விரல்தான் கண். வயிற்றின் மேல் கையை வைத்தால் தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரல் சொல்லும். இங்கே வேறு கருவி எதுவும் கிடையாது. ஒரு நாள் மழையில் மோட்டரில் போய்ச் சேர்ந்தபோது குழந்தை ஏற்கனவே வெளியே வந்திருந்தது. தொப்புள்கொடிக்கு முடிச்சுப் போட வேண்டும். நூலைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணின் மாமியாருக்குச் சொல்லிக் கொடுத்து அவளைக் கட்டவைத்தேன். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் மறுநாள் தொழிலாளர் குடியிருக்கிற லயம் முழுக்கப் பேச்சு: மிசிக்குக் கை விளங்காமல் போய்விட்டது.

பேச்சு ஆபீசுக்கு ஏறியது. பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, என்னைக் கூப்பிட்டார். எல்லோரும் துரைக்குத்தான், அதாவது மேனேஜருக்குத்தான், பயப்படுவார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். தோட்டத்தில் துரையைவிடக் கிராணிக்குத்தான் பயப்பட வேண்டும். எனக்கு இங்கே குடியுரிமை இல்லை, சிவப்பு அடையாள அட்டைதான். சிவப்பு அட்டைக்காரர் இந்த நாட்டில் வசிக்கலாம், ஆனால் வேலை பார்க்க வருஷா வருஷம் அனுமதி வாங்க வேண்டும். அதற்குத் தோட்டம் சான்று தர வேண்டும். என் கையை டாக்டர் பார்த்து நல்லது என்று எழுதும்வரை சான்று இல்லை என்று கிராணி சொல்லிவிட்டார். டாக்டர் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. அனுமதி முடியப் பத்து நாள்.

வேலை போனால் வீடு போகும். இது தோட்டத்து வீடு. மகள் படிப்பு நிற்கும். இதைத்தான் அவர் சொல்லாமல் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

3

அலோர் ஸ்டாரில் இருக்கிற, அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்கு நானே போனேன். என் மகள் எஸ்தரையும் கூட்டிக்கொண்டு போனேன். காரணம் வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: எனக்கு மலாய் அரைகுறை. பிரசவ அறை மலாய் வரும். முக்கு, மூச்சை இழு, இன்னும் கொஞ்சம், முடிந்தது. அந்த நான்கை வைத்துக்கொண்டு கவுண்டரில் பேச முடியாது.

ஆனால் பஸ்ஸில் போகும்போதே அவளோடு சண்டை. தமிழில் ஏதோ கேட்டேன், மலாயில் பதில் சொன்னாள். அதற்கு ஒரு வார்த்தை விட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்வரை பேசவில்லை. கவுண்டரில் என் முறை வந்தபோதும் பெஞ்சியிலேயே உட்கார்ந்திருந்தாள். சரி, நானே பேசிக்கொள்கிறேன் என்று போனேன்.

அங்கே இருந்தவர் வயதான மலாய்க்காரர், தலையில் சொங்கோக் தொப்பி. கடுமையாக இல்லை. என்ன வேலை என்றார். பிடான், மருத்துவச்சி, என்றேன். சான்று எங்கே என்றார். டாக்டர் பார்க்க வேண்டியிருக்கிறது என்றேன். எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கை மரத்துப்போகிறது என்பதற்கு எனக்கு வார்த்தை தெரியவில்லை. தாங்கான் என்றால் கை, செஜோக் என்றால் குளிர்ச்சி. இரண்டையும் ஒட்டினேன்.

"தாங்கான் சாயா செஜோக், என்சிக்."

என் கை சில்லிட்டுப் போகிறது ஐயா என்றுதான் நான் நினைத்துச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நல்லதுதானே, மருத்துவச்சிக்கு அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். பக்கத்து மேசைக்காரரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அவரும் தலையாட்டினார். பிறகு டாக்டர் சான்று வரும்வரை என்று சொல்லி ஆறு மாதத்துக்கு நீட்டி முத்திரை குத்தினார்.

நான் வெளியே வந்து அப்படியே நின்றேன். ஒருத்தி கை விளங்கவில்லை என்று அழாத குறையாகச் சொல்கிறாள், இவர்கள் சந்தோஷப்படுகிறார்களே, இது என்ன ஊர் என்று கோபம். எஸ்தரிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, தாங்கான் செஜோக்னா கைராசி மா. செடி நட்டா வளரும், பலகாரம் செஞ்சா நல்லா வரும், அந்த மாதிரி ஆளத்தான் அப்படிச் சொல்லுவாங்க. நீங்க போய் 'எனக்குக் கைராசி இருக்கு'ன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

மரத்துப்போவதற்கு என்ன வார்த்தை என்று கேட்டேன். கெபாஸ் என்றாள். கெபாஸ் என்று சொல்லியிருந்தால் அவர் டாக்டர் சான்றோடு வா என்று திருப்பி அனுப்பியிருப்பார் என்றும் சொன்னாள்.

அதை நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. நமக்குக் கை சில்லிட்டுவிட்டது என்றால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். இவர்களுக்கு அதே சொல் பாராட்டு. ஒரே கைதான். எந்த மொழியில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து வேலை போகிறது அல்லது முத்திரை விழுகிறது. எஸ்தர் இப்போது பினாங்கில் வேலை பார்க்கிறாள். தொலைபேசியில் கூப்பிட்டால் மூன்று மொழியில் பதில் வரும். பாதி எனக்குப் புரியாது. முன்பு அதற்குக் கோபப்படுவேன். இப்போதும் கோபப்படுகிறேன், ஆனால் அர்த்தம் கேட்டுக்கொள்கிறேன்.

4

டாக்டர் வந்தார். என் கையைப் பார்த்தார். தடுப்பூசி மருந்து வைக்கிற குளிர்பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்துத் தண்ணீரில் போட்டு விரலை முக்கச் சொன்னார். புது டிரெசர், கிராணி எல்லோரும் சுற்றி நிற்க, விரல்கள் கண் முன்னால் வெளுத்தன. சர்க்கஸ் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

குளிர் பட்டால் சிலருக்கு விரலின் ரத்தக் குழாய் இறுக மூடிக்கொள்ளுமாம். அதிர்வு பட்டால் இன்னும் மோசமாம். இதற்குப் பயமும் காரணமில்லை, மருந்தும் இல்லை. கையைச் சூடாக வைத்துக்கொண்டால் வராது என்றார். அப்படியானால் மோட்டரை விட்டுவிடு என்றார். மோட்டரை விட்டால் வேலை இல்லை டாக்டர் என்றேன். அவர் சீமையில் படித்தவர். பனி பெய்கிற ஊர்களில் மோட்டர் கைப்பிடிக்கே கரண்ட் கொடுத்துச் சூடாக்கிக்கொள்வார்கள், நீயும் ஒன்று வரவழைத்துக்கொள் என்று சிரித்தார். கிராணியும் சிரித்தார். அடுத்த முறை வரும்போது முடிவு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு ஒரே கேள்விதான். எப்படிச் சூடாக்குவார்கள்?

சுங்கைப் பட்டாணியில் பாக்கார் ஆராங்கில் சின்னப்பன் என்று ஒரு மெக்கானிக். மாதா கோயில்காரர். என் கணவர் காலத்திலிருந்தே இந்த மோட்டர் அவர் கையில்தான். போய்ச் சொன்னேன். பட்டறையில் நான்கைந்து பேர் இருந்தார்கள்.

"என்னா மிசி, ஏர்கான் வச்சுத் தாங்கன்னு கேட்டா ஞாயம். இந்த வெயில்ல கைப்பிடிக்குச் சூடா?"

இன்னொருவன், சூடு நன்றாக இருந்தால் அதிலேயே ரொட்டி சானாய் போட்டுக்கொள்ளலாம் லா என்றான். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். அப்புறம் பக்கத்துக் கடையில் ஐஸ் வாங்கி, முகம் கழுவுகிற தொட்டியில் போட்டு, அதில் கையை ஊறவைத்து, வெளுத்த விரலைச் சின்னப்பன் கண்ணுக்கு நேரே நீட்டினேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

கடையில் அப்படிப்பட்ட கைப்பிடி கிடைக்காது. செய்துதான் பார்க்க வேண்டும். மின்சார அடுப்பில் சுருள் சுருளாக ஒரு கம்பி சிவக்குமே, அந்தக் கம்பி ஒன்று அவரிடம் இருந்தது. அதை நீட்டி, ஒரு பழைய பாட்டரியில் சொருகிப் பார்த்தோம். கம்பியின் நீளம்தான் கணக்கு. நீளமாக விட்டால் வெதுவெதுப்புக்கூட இல்லை. குட்டையாக வெட்டினால் சிவந்து புகைந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு நீளம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மதியம் போனது. எனக்கு அன்று பசியே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லையே என்று இருந்தது.

அந்தக் கம்பியைச் சும்மா மோட்டர் கைப்பிடியில் சுற்றி, சூடு சரியா என்று பிடித்துப் பார்க்கும்படி அவர் என்னிடம் சொன்னார். அங்கேதான் நான் மறுத்தேன். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. வெந்தாலும் தெரியாது. பிள்ளையைக் குளிப்பாட்டும் தண்ணீரை நாங்கள் விரலால் பார்ப்பதில்லை, முழங்கை உள்பக்கத்தால்தான் பார்ப்போம். அதனால் முழங்கையைக் கைப்பிடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை மோட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். நின்றுவிட்டுப் போகட்டும்.

பிறகு மோட்டரில் ஏற்றுகிற வேலை. பழைய ரப்பர் பிடியைக் கழற்றி, ஹேண்டில் குழாயின்மேல் துணி நாடா, அதன்மேல் இந்தக் கம்பி, மேலே இன்னொரு நாடா, அதற்குமேல் பிடி. பிடி சுழலாமல் ஒட்டுவதற்கு நான் தோட்டத்திலிருந்து ஒரு கோப்பை ரப்பர்ப் பால் கொண்டுபோனேன். தடவி நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது, காய்ந்தால் அசையாது. கரண்டை எங்கிருந்து எடுப்பது? எஞ்சின் சுற்றும்போது விளக்குக்கென்று உள்ளே ஒரு கம்பிச் சுருள், காயில் என்பார்கள், கரண்ட் தருகிறது. அது முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுகிற கரண்ட். பாட்டரிக்குத்தான் ஒரே பக்கமாகப் போக வேண்டும். சூட்டுக்கு எந்தப் பக்கம் ஓடினாலும் ஒன்றுதான் என்றார் சின்னப்பன். விளக்கின் வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, பியூஸ் வைத்து, ஹேண்டில் பக்கம் ஒரு சுவிட்ச் போட்டார்.

5

முதல் நாளே பரிட்டில் விழுந்தேன். பரிட் என்றால் சாலையோரக் கால்வாய். வலது கைப்பிடியைத் திருகினால்தானே எஞ்சின் வேகம் எடுக்கும்? வயரை அழகாக, ஒட்டினாற்போல இழுத்துக் கட்டியிருந்தோம். முழுதாகத் திருகியதும் வயர் சுற்றிக்கொண்டது, கைப்பிடி திரும்பி வரவில்லை. எஞ்சின் அலறியபடியே என்னைக் கொண்டுபோய்க் கால்வாயில் சேர்த்தது. முழங்காலில் நான்கு தையல். போட்டவர் புது டிரெசர். நன்றாகவே போட்டார், அதைச் சொல்ல வேண்டும்.

அதன்பிறகு வயரைத் தளர்வாக, ஒரு வளையம் விட்டுக் கட்டினோம். தொப்புள்கொடி கழுத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்த எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டாமா என்று சின்னப்பன் கேட்டார். அவர் வாய் அப்படி.

இரண்டாவது, வலது கை சுட்டது, இடது கை செத்தது. ஒரே கம்பி, ஒரே நீளம், ஆனால் ஒரு பக்கம் மட்டும் சூடு. இது எனக்கு ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது. கடைசியில் கழற்றிப் பார்த்தால் காரணம் சின்னது. வலது பக்கப் பிடி பிளாஸ்டிக் குழாயின் மேல் இருக்கிறது. இடது பக்கப் பிடி நேராக இரும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வருகிற சூட்டையெல்லாம் இரும்பு குடித்துவிடுகிறது. சைக்கிள் டியூபைக் கிழித்து இரும்பின் மேல் சுற்றிவிட்டு, அதன்மேல் கம்பியைச் சுற்றினோம். இரண்டு கையும் ஒன்றானது. சூடான ரப்பர் வாசனை, தோட்டத்துப் புகைக் கொட்டகை மாதிரி என் பின்னாலேயே வரும். லயத்துப் பிள்ளைகள் என்னைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, மிசி வருது என்று கத்துவார்கள்.

மூன்றாவதற்கு மருந்தே கிடைக்கவில்லை. கைப்பிடிக்குச் சூடு போட்டால் விளக்கு மங்கும். மங்குவது என்றால், பழுத்த கிச்சிலிப்பழம் மாதிரி ஒரு வெளிச்சம், அதில் சக்கரம்கூடத் தெரியாது. காயிலில் வருகிற கரண்ட் அவ்வளவுதான், இரண்டுக்கும் பற்றாது. இவ்வளவு பாடுபட்டு இதுதானா என்று நான் பட்டறையிலேயே சத்தம் போட்டேன். சின்னப்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுவிட்சை மாற்றினார். ஒரு பக்கம் தள்ளினால் விளக்கு, மறுபக்கம் தள்ளினால் சூடு.

"இருட்டுல லைட்ட போடுங்க மிசி. விடிஞ்சா சூட்டப் போடுங்க. அதுக்கு மேல ஜப்பான்காரன்தான் வந்து பாக்கணும்."

பிள்ளைகள் விடிந்தபிறகா பிறக்கின்றன என்று கேட்டேன்.

6

டாக்டர் வர ஒரு வாரம் இருந்தது. விடிய இன்னும் நேரம் இருந்தது, கொட்டுகிற மழை. மேல் டிவிஷன் முனியாண்டி சைக்கிளில் உருண்டு புரண்டு வந்து கதவைத் தட்டினான். அவன் பெண்டாட்டி அஞ்சலைக்கு மூன்றாவது பிரசவம், வலி எடுத்து வெகுநேரம் ஆகிறது, ஒன்றும் நகரவில்லை என்றான். இருட்டில் வழி தெரிய வேண்டுமே. நெற்றியில் வெட்டு விளக்கு கட்டியிருந்தது. விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் தலையில் கட்டிக்கொள்வது, இடுப்பில் பாட்டரி.

அந்த விளக்கைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிவிட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டுப் பின்னால் ஏறு என்றேன். அவன் தயங்கினான். மிசியின் பின்னால் எப்படி உட்காருவது என்று. உட்காரடா என்று ஒரு அதட்டல் போட்டேன். சுவிட்சைச் சூட்டுப் பக்கம் தள்ளினேன். மோட்டர் விளக்கு அணைந்தது. என் தோளுக்குமேல் அவன் தலை, அவன் தலையில் விளக்கு. அந்த வெளிச்சத்தில்தான் ரோடு.

ஆனால் அவன் மனிதன்தானே. வழியில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினான். ரோடு மறைந்துவிட்டது. முன்சக்கரம் அரிப்புக்குள் இறங்கி ஏறியது.

"தம்பி, தலையத் திருப்பாத. நீ பாக்கற பக்கந்தான் எனக்கு ரோடு."

"பயமா இருக்கு மிசி."

"கண்ண மூடிக்க. தலைய மட்டும் ஆட்டாத."

அவன் கண்ணை மூடிக்கொண்டானா என்று எனக்குத் தெரியாது. தலை ஆடவில்லை. மழை முகத்தில் அடித்தது, உள்ளங்கையில் மட்டும் ஒரு டீக்கிளாசைப் பிடித்திருப்பது போலச் சூடு. அரிப்பில் வேகத்தைக் குறைத்தால் கைப்பிடி ஆறும், மேட்டில் முடுக்கினால் சுடும். போய்ச் சேர்ந்து கையை விளக்கில் காட்டிப் பார்த்தேன். எட்டு விரலும் என் நிறத்தில் இருந்தன.

அஞ்சலையின் வயிற்றில் கை வைத்தேன். அடிவயிற்றில் தலை இல்லை. மேலேயும் இல்லை. இடது விலாப் பக்கத்தில் கெட்டியாக, உருண்டையாக விரலுக்கு அகப்பட்டது. வலது பக்கம் மெத்தென்று இருந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது. மூன்று மாதத்துக்கு முந்தைய கையாக இருந்தால் நான் காத்திருந்திருப்பேன், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று. காத்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள். குறுக்கே கிடக்கிற பிள்ளைக்கு அறுவைதான் வழி, அது சுங்கைப் பட்டாணி பெரிய ஆஸ்பத்திரியில்தான்.

காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஆட்களை ஏற்றுகிற லாரி நின்றுகொண்டிருந்தது. பெரிய கிராணியின் சீட்டு இல்லாமல் லாரி தோட்டத்தைத் தாண்டாது என்றான் டிரைவர். அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"மிசி, கோவிச்சுக்காதீங்க. நல்லாத் தெரியுமா? உங்க கை ஒரு மாதிரின்னு சொன்னாங்களே."

நான் அவன் கன்னத்தைப் பிடித்தேன். இரண்டு கையாலும். மழையில் நனைந்து நின்றவன் அந்தச் சூட்டில் திடுக்கிட்டுப் போனான். இந்தக் கையால்தான் சொல்கிறேன், லாரியை எடு, கிராணிக்கு நான் பதில் சொல்கிறேன் என்றேன். எடுத்தான். அஞ்சலையோடு நானும் பின்னால் ஏறினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நான் சொன்னதையே சொன்னார். பத்து மணிக்குள் பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்தார்கள். முனியாண்டி மதியம்வரை வராந்தாவில் நின்றான். நெற்றி விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, நான்தான் அணைத்தேன்.

7

அடுத்த வாரம் தோட்டத்து டாக்டர் வந்தார். ஐஸ் கேட்கவில்லை. மோட்டரைக் காட்டு என்றார். எஞ்சினை ஓடவிட்டு, கைப்பிடியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். தான் விளையாட்டுக்குச் சொன்னதாகச் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். வேலைக்குத் தகுதி, மோட்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிராணி சான்று கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு வருஷத்துக்கு அனுமதி கிடைத்தது. அதன்பிறகு வருஷா வருஷம் கிடைக்கிறது.

ஆனால் கிராணி விடுகிறவர் இல்லை. டாக்டர் போன மறுநாள் ஆபீசுக்கு முன்னால் என்னை நிறுத்தினார். சீட்டு இல்லாமல் லாரியை எடுக்கச் சொன்னது முதல் குற்றம். அதை இந்த முறை விட்டுவிடுகிறேன் என்றார். அப்புறம் குனிந்து ஹேண்டிலைப் பார்த்தார்.

"இது தோட்டத்து மோட்டர். யாரக் கேட்டு இதுல வயர் சுத்துனீங்க? துரை பாத்தா என்ன சொல்வாரு? இன்னிக்கே கழட்டுங்க."

என் வாய்க்கு முதலில் வந்ததை எழுத முடியாது. அதை விழுங்கிவிட்டு, கழற்றிவிடலாம் என்றேன். அவர் வீட்டில் அவர் மருமகள் இருந்தாள். முந்தின வாரம்தான் நான் வயிற்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"கழட்டிடலாம் கிராணி. உங்க மருமகளுக்கு எட்டு மாசம் நடக்குது. நான் மேல் டிவிஷன்ல இருக்கறப்ப வலி எடுக்கும். மழையும் பெய்யும். அங்கேருந்து நான் எந்தக் கையோட வரணும்னு நீங்களே சொல்லுங்க."

ஆபீஸ் ஜன்னலில் இரண்டு சின்னக் கிராணிகள் எட்டிப் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். பிறகு வயரைப் பார்த்தார். விரலால் அந்த வளையத்தை இலேசாகத் தள்ளிப் பார்த்தார்.

"தண்ணி எறங்காம நல்லாச் சுத்தச் சொல்லுங்க மிசி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.